மண்ணுக்குச் சோறு போடுவது யார்?



ஒரு கேள்வி. நம் தோட்டத்தில் அதிகமாக வேலை செய்வது யார்? குலை வெட்டுகிறவரா, பால் வெட்டுகிறவரா, மருந்தடிக்கும் பெண்களா, ஆலையில் இரவு வேலை பார்ப்பவரா? எல்லாரும்தான் உழைக்கிறோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இல்லாமல், தீபாவளி இல்லாமல், இராப்பகலாக வேலை செய்வது நம் காலுக்குக் கீழே இருக்கிற மண்தான். அதற்குப் பெரட்டு கிடையாது. செக்ரோலில் பெயர் கிடையாது. மருத்துவ விடுப்பும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அதன் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

"என்னய்யா, சம்பளத்தைப் பற்றி எழுதுவீர் என்று பார்த்தால் மண்ணைப் பற்றி எழுத வந்துவிட்டீர்?" என்று சிலர் கேட்கலாம். இதுவும் சம்பளக் கணக்குத்தான். மண் பட்டினி கிடந்தால் மரம் பட்டினி. மரம் பட்டினி கிடந்தால் குலை சிறுக்கும், பால் குறையும். டன் கணக்கிலும் கிலோ கணக்கிலும் கூலி வாங்குகிற நமக்கு, அந்தப் பட்டினி கடைசியில் நம் அடுப்பில் வந்து நிற்கும். அந்த மண்ணுக்குச் சோறு போடுகிற வேலையைச் செய்வதும் நாம்தான். அந்த வேலைக்குக் கூலி எங்கே என்பதுதான் இன்று நான் கேட்க வந்த கேள்வி.

ஒரு பிடி மண்ணில்

மரம் சாயாமல் நிற்க ஒரு பிடிமானம், மண்ணென்றால் அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல மண்ணை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். அதில் ஏறக்குறையப் பாதிதான் மணலும் களியும். மீதிப் பாதி, காற்றும் தண்ணீரும் தங்குகிற சந்துபொந்துகள். மக்கிய இலை தழை என்பது நூற்றில் சில பங்குதான் இருக்கும். ஆனால் அந்தச் சில பங்குதான் மற்றதையெல்லாம் ஆட்டி வைக்கிறது.

விழுந்த மட்டையைக் கரையான் அரிக்கிறது. மண்புழு அதைத் தின்று எருவாகக் கழிக்கிறது. பூசணம் நூல் நூலாகப் படர்ந்து கெட்டியான நாரை இளக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை இன்னும் சிதைத்து, வேர் உறிஞ்சக்கூடிய உப்பாக்கிக் கொடுக்கின்றன. புழு போன வழியில் காற்று போகிறது, மழைத் தண்ணீர் இறங்குகிறது. மக்கு பசை மாதிரி நின்று மண் துகள்களைச் சேர்த்துக் கட்டுகிறது. இதில் ஒருவர் வேலையை நிறுத்தினால் அடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆலையில் கொதிகலன் நின்றுபோனால் மற்ற எந்திரங்கள் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கேயும்.

சின்னப் பூச்சி புழுக்களின் வேலையை அற்பமாக நினைக்கக் கூடாது. செம்பனைப் பூவில் மகரந்தப் பொடியைக் கையால் அடித்த காலம் ஒன்று இருந்தது. நம் அம்மாமார்களும் பாட்டிமார்களும் மரம் மரமாகப் போய் அந்த வேலையைச் செய்தார்கள். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அத்தனை பேர் செய்த வேலையை அந்த வண்டு செய்து முடித்தது. பூவில் வேலை செய்கிற வண்டு கண்ணுக்குத் தெரிந்தது, பெயரும் வாங்கியது. மண்ணுக்குள் வேலை செய்கிற புழுவும் பூசணமும் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"நம்ம நாட்டு மண்ணு நல்ல மண்ணு, குச்சியை நட்டாலும் முளைக்கும்" என்று சொல்லிக்கொள்கிறோம். பாதி உண்மை. ஆற்று ஓரத்திலும் கடற்கரைக் களியிலும் வளமான மண் உண்டு. ஆனால் நாட்டின் பெரும்பகுதி மேட்டு நிலம், சிவப்பும் மஞ்சளுமான பழைய மண். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற மழை, எத்தனையோ ஆயிரம் வருஷமாக அதிலிருந்த சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. அது புளித்த மண், சத்தைப் பிடித்து வைக்கிற சக்தி குறைந்த மண். அப்படியானால் அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய காடு எப்படி நின்றது? காட்டின் சொத்து மண்ணுக்கு அடியில் இல்லை. மரத்திலும், இலையிலும், மேலே கிடந்த ஒரு சாண் மக்கிலும் இருந்தது. விழுந்த இலை மக்கி, மறுபடியும் வேர் வழியாக மரத்துக்கே ஏறியது. காட்டை வெட்டி எரித்தபோது அந்தச் சுற்று அறுந்துபோனது.

சுத்தக் களை படுத்திய பாடு

அறுந்த சுற்றை மேலும் அறுத்தது அந்தக் கால வெள்ளைக்காரத் துரைமார்களின் ஒரு பழக்கம். ரப்பர் நிரையில் ஒரு புல் தலைகாட்டக் கூடாது. தரை கூட்டிப் பெருக்கிய முற்றம் மாதிரி இருக்க வேண்டும். அதற்குப் பெயர் சுத்தக் களை. நம் தாத்தா பாட்டிமார்கள் வெயிலிலும் மழையிலும் குனிந்து குனிந்து செய்த வேலை இதுதான். ஒரு புல் மிச்சம் இருந்தால் கங்காணியின் வாயில் விழ வேண்டும்.

பலன் என்ன? வெறும் தரையில் அடித்த மழை மேல் மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய் ஆற்றில் கொட்டியது. ஆறு மேடானது, மரத்தின் வேர் வெளியே தெரிந்தது. 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள், 1930களில், தரையை மூடி வைக்கச் சொல்லி எழுதினார்கள். அதன் பிறகுதான் சரிவில் குறுக்கு வரப்பு, மண் பிடிக்கும் குழி, கொடிப்பயிர் எல்லாம் பரவலாக வந்தன. தொழிலாளி முதுகொடிய உழைத்த உழைப்பே மண்ணைக் கெடுக்கப் பயன்பட்டது என்பது வேதனையான சரித்திரம். அந்தப் பழியை அவர்கள் தலையில் போட முடியாது. சொன்ன வேலையைச் செய்தவர்கள் அவர்கள். என்ன வேலை என்று முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள்.

இளங்கன்று நட்ட நிலத்தில் படர விடுகிறார்களே, அந்தக் கொடி சும்மா புல்லை அடக்குவதற்கு மட்டும் இல்லை. பியூராரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா, பின்னாளில் இந்தியாவிலிருந்து வந்த மியூக்குனா, எல்லாம் பயறு இனம். அதன் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர், காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து வேருக்குக் கொடுக்கிறது. கொடி நன்றாகப் படர்ந்த நிலத்தில், ஆரம்ப ஆண்டுகளில், ஒரு ஹெக்டருக்கு (ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்) வருஷத்துக்கு 150 கிலோ அளவுக்குத் தழைச்சத்து இப்படிச் சேரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 50 கிலோ மூட்டையில் யூரியாவாகப் பார்த்தால் ஆறரை மூட்டை! தூக்கிச் சுமக்க ஆள் வேண்டாம், லாரி வாடகை வேண்டாம்.

மட்டைக் கணக்கு

இப்போது நம் கையில் இருக்கிற வேலைக்கு வருவோம். ஒரு டன் குலை தோட்டத்தை விட்டு ஆலைக்குப் போகிறது என்றால், அதோடு கிட்டத்தட்ட 3 கிலோ தழைச்சத்தும் 3.7 கிலோ பொட்டாசியமும் போகின்றன. ஒரு ஹெக்டரில் வருஷத்துக்கு 20 டன் வெட்டினால், சுமார் 60 கிலோ தழைச்சத்தும் 74 கிலோ பொட்டாசியமும் வெளியே போயாச்சு. பொட்டாஷ் உரமாகப் பார்த்தால் மூன்று மூட்டை. அதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மண் கடனில் ஓடுகிறது என்று அர்த்தம்.

திருப்பிக் கொடுப்பதற்கு உர மூட்டை ஒரு வழி. ஆனால் நம் கண் முன்னால் இன்னொரு வழி கிடக்கிறது. குலை வெட்டும்போது விழுகிற மட்டை! ஒரு மரத்திலிருந்து வருஷத்துக்கு இருபது, இருபத்தைந்து மட்டை விழும். ஹெக்டருக்கு 140 மரம் என்று வைத்தால் மூவாயிரம் மட்டை. காய்ந்த கணக்கில் 10 டன்னுக்குக் குறையாது. இதைச் சரிவுக்குக் குறுக்காக, நிரைக்கு நடுவில் பரப்பி அடுக்கினால், மழைத் தண்ணீர் ஓடாமல் நின்று இறங்கும். அடியில் ஈரம் நிற்கும், புழு சேரும். பழைய மட்டை அடுக்கைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பாக, மெத்துமெத்தென்று, வெள்ளை வேர் பின்னிக்கொண்டு கிடக்கும். மரம் தன் சாப்பாட்டைத் தேடி அங்கே வந்திருக்கிறது. செம்பனையின் தீனி வேர் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

நம் முன்னோர் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்தபோது கொண்டுவந்த சொல் ஒன்று உண்டு: "அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு." கதிரை வீட்டுக்கு எடு, தாளை மாட்டுக்குப் போடு, அடித்தட்டையை நிலத்துக்கே விடு என்பது இதன் பொருள். நெல்லுக்குச் சொன்ன சட்டம் செம்பனைக்கும் பொருந்தும். பழம் ஆலைக்கு, மட்டை மண்ணுக்கு. ஆலையில் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சுகிற வெறுங்குலையும் மண்ணுக்குத்தான் வர வேண்டும். வந்த குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அது. சில தோட்டங்கள் அதைக் கொண்டுவந்து முறையாகப் பரப்புகின்றன. அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் நடைமுறை என்ன? குலை வெட்டுகிறவருக்கு டன்னுக்கு இவ்வளவு வெள்ளி என்று கூலி. மட்டையை இழுத்து, நடுவில் பரப்பி, ஒழுங்காக அடுக்குவது அந்தக் கூலிக்குள் அடக்கம் என்று சொல்லிவிடுகிறார்கள். அடக்கம் என்றால் என்ன? காசு இல்லை என்று அர்த்தம்! "மட்டையை இழுத்துக்கிட்டு நிக்கிற நேரத்துல இன்னும் ரெண்டு குலை வெட்டிரலாம் அண்ணே. புள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு இருக்குல்ல?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். அவரை நான் என்ன சொல்ல முடியும்? மட்டை விழுந்த இடத்தில் கிடக்கிறது. பாதையில் கிடந்தால் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்ணின் காலில் முள் ஏறுகிறது. வாய்க்காலில் விழுந்தால் தண்ணீர் தேங்குகிறது. மண்ணுக்குச் சேர வேண்டியது மண்ணுக்குச் சேரவில்லை.

வேலைக்காரன் சோம்பேறி என்று மண்டோர் திட்டுகிறார். மண்டோரை நிர்வாகி திட்டுகிறார். யாரும் கூலிக் கணக்கைத் திட்டுவதில்லை. குலைக்கு மட்டும் காசு, மண்ணுக்குக் காசில்லை என்று எழுதி வைத்தால், மண்ணை யார் பார்ப்பார்?

இதில் இன்னொரு அநியாயம். மண்ணை இன்று பட்டினி போட்டால் நாளைக்கே தெரியாது. செம்பனையில் பூ உருவாகி, அது குலையாகி வெட்டுக்கு வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். இன்று செய்த தப்பு ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் கழித்துத்தான் தராசில் தெரியும். அதற்குள் பழைய நிர்வாகி வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பார், செலவைக் குறைத்துக் காட்டியதற்குப் பாராட்டோடு! குலை குறைந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? வெட்டுகிறவர்.

மருந்தும் வாய்க்காலும்

மருந்தடிப்புப் பற்றியும் சொல்ல வேண்டும். மரத்தடி வட்டமும் நடைபாதையும் சுத்தமாக இருக்க வேண்டியது அவசியம். இல்லாவிட்டால் உதிரிப் பழம் பொறுக்க முடியாது. ஆனால் சில இடங்களில் நிரை முழுக்க அடித்துக் கருக்கி விடுகிறார்கள். பெரணியும் மெல்லிய புல்லும் மண்ணுக்குப் போர்வை. அதை உரித்தால் பழைய சுத்தக் களையின் கதைதான், கையில் மண்வெட்டிக்குப் பதில் முதுகில் மருந்துத் தொட்டி. மருந்து செலவு, அடிக்கும் சகோதரியின் உடம்புக்குக் கேடு, மண்ணும் நிர்வாணம். பாராகுவாட் என்ற கொடிய மருந்துக்கு 2002-இல் தடை என்றார்கள். 2006-இல் மறுபடியும் அனுமதித்தார்கள். கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. இடையில் போன வருஷங்களில் மருந்தடித்த பெண்களின் நகத்துக்கும் தோலுக்கும் மூச்சுக்கும் யார் கணக்குக் கொடுத்தார்கள்? தேவையில்லாத இடத்தில் அடிக்காமல் இருந்தால் மண்ணும் பிழைக்கும், மனுஷியும் பிழைப்பாள்.

கடலோரத் தோட்டங்களில் வேறு விதமான பாடு. அங்கே சில களிமண்ணுக்கு அடியில் கந்தகம் கலந்த இரும்புத் தாது இருக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை அது சாது. வாய்க்காலை மிக ஆழமாக வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், காற்றுப் பட்டு அது கந்தக அமிலமாக மாறும். வாய்க்கால் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் ஓடும், மீன் செத்து மிதக்கும், மரம் சோர்ந்து போகும். கரி மண் என்கிற சதுப்பு நிலத்திலும் அளவுக்கு மீறி வடித்தால் மண்ணே உட்கார்ந்துவிடும். வருஷா வருஷம் தரை இறங்கி, வேர் வெளியே வந்து, மரம் சாயும். காய்ந்த கரி மண்ணில் தீப்பிடித்தால் அணைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது புகைமூட்டக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மதகுப் பலகையை எப்போது போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று பார்க்கிறவர் ஒரு சாதாரணத் தொழிலாளி. அவர் கையில்தான் அந்த மண்ணின் உயிர் இருக்கிறது. அவருக்கு இதை விளக்கிச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

"உரம் போட்டால் சரியாகிவிடும்"

நிர்வாகத்தின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "உரம் போடுகிறோமே!" உரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செம்பனைக்கு உரம் இல்லாமல் முடியாது. ஆனால் மக்கு இல்லாத மண் ஓட்டை வாளி. ஊற்ற ஊற்ற ஒழுகும். உரம் போட்ட மறுநாள் பெரிய மழை பெய்தால் அந்தக் காசு ஆற்றோடு போச்சு. அம்மோனியம் உரத்தைத் தொடர்ந்து போட்டால் புளித்த மண் இன்னும் புளிக்கும். 2022-இல் ரஷ்யா–உக்ரேன் போர் வந்தபோது உர விலை எப்படி ஏறியது என்று பார்த்தோம். எங்கேயோ நடந்த சண்டைக்கு நம் நாட்டுச் சிறுதோட்டக்காரர்கள் உரத்தைக் குறைத்தார்கள். மண்ணில் மக்கைச் சேர்த்து வைத்திருக்கிறவனுக்கு அந்த மாதிரிக் காலத்தில் கொஞ்சம் கையிருப்பு உண்டு. சேர்க்காதவனுக்கு ஒன்றும் இல்லை.

"எண்ணெய் விலை இறங்கும்போது கூடுதல் கூலிக்கு எங்கே போவது?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. மட்டை அடுக்கும் கூலியைச் செலவு என்று மட்டும் எழுதாதீர்கள். வீணாகாத உரத்தையும், ஓடாத மண்ணையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். செம்பனை நிலத்தில் இருபத்தைந்து வருஷம் நிற்கிற மரம். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், ஒரு மாதத்துக்கு மட்டும் பார்க்காதீர்கள்.

"மண்ணு தொரையோடதுதானே?"

நம்மவர்கள் பக்கமும் ஒரு பேச்சு இருக்கிறது. "மண்ணு தொரையோடது. கெட்டா அவனுக்குக் கெடும். நமக்கு என்னா?" இந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மூன்று தலைமுறை உழைத்த நிலத்தில் ஒரு சாண்கூட நம் பேரில் இல்லை. ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டைக் காலி செய் என்கிறார்கள். அந்த மண்ணை நேசி என்றால் எவனுக்கும் கோபம்தான் வரும்.

இதே கோபம்தான் ஒரு காலத்தில் வேறு வழியாக வேலை செய்தது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய பத்து வெள்ளி, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டமாக மாறியது. மண் நமக்கும் சொந்தமாகலாம் என்று அன்று காட்டினார்கள்.

மண் சொந்தமாக இல்லாவிட்டாலும், நம் கூலி அந்த மண்ணில்தான் இருக்கிறது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதற்கு மேல் நாம் சம்பாதிப்பதெல்லாம் குலை எடையில் வருவது. மண் கெட்டால் அந்த மேல்காசு முதலில் போகும். இன்று நம் பக்கத்தில் நின்று குலை வெட்டுகிற இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கும் இதே கணக்குத்தான். மண்ணுக்கு எந்த நாட்டுக் கடப்பிதழும் தெரியாது. வெட்டுகிறவர் எவராக இருந்தாலும் அது ஒரே மாதிரிதான் கொடுக்கும், ஒரே மாதிரிதான் கெடுக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே தோழர்களே, அடுத்த கூட்டத்தில் நிர்வாகத்திடம் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: மட்டை அடுக்குவதைத் தனி வேலையாக ஒப்புக்கொண்டு, அதற்கென்று கூலியோ நேரமோ எழுத்தில் தர வேண்டும். குத்தகைக்காரர் வைத்து வேலை வாங்கினாலும் இதே விதி. வரப்புக் கட்டுவதும் மண் குழி தூர் எடுப்பதும் இதில் சேரும்.

இரண்டு: நிரை முழுக்க மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும். அடிக்க வேண்டிய இடத்தில் அடிப்பவர்களுக்கு முகமூடி, கையுறை, காலணி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தவறாமல் கிடைக்க வேண்டும்.

மூன்று: மண்ணைப் பற்றித் தொழிலாளிக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது, எந்தச் சரிவில் மண் ஓடுகிறது என்று தினமும் பார்க்கிறவர்கள் நாம். நாம் சொல்வதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்கு: வீட்டுக்குப் பின்னால் காய்கறி போட ஒவ்வொரு குடும்பத்துக்கும் இடம் விட வேண்டும். கீரையும் மரவள்ளியும் கத்தரியும் போட்டால் மாதச் செலவில் ஒரு பகுதி மிஞ்சும். சமையல் கழிவும் சாணமும் குப்பைத் தொட்டிக்குப் போகாமல் மண்ணுக்குப் போகும். பிள்ளைகளும் மண்ணைத் தொட்டுப் பார்த்து வளர்வார்கள்.

ஒருவர் தனியாகப் போய்க் கேட்டால், "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அனுப்பிவிடுவார்கள். சங்கக் கிளையில் பேசி, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக் காலை தீம்பாருக்குப் போகும்போது, ஒழுங்காக அடுக்கிய பழைய மட்டைக்கு அடியிலிருந்து ஒரு பிடி மண், வெறும் தரையிலிருந்து ஒரு பிடி மண், இரண்டையும் ஒரு பையில் எடுத்து வையுங்கள். கூட்டத்தில் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிக் காட்டுங்கள். எந்த மண்ணில் குலை பெருக்கும் என்று நிர்வாகியே சொல்லட்டும். பிறகு கூலியைப் பேசலாம்.